ஆறு மாத அடைப்பு

கிள்ளான்,
18 ஆகஸ்ட் 2025

குமுதாவுக்கு,

ரெஜிஸ்டர் தபாலில் நீ அனுப்பிய கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இங்கிலீஷில் இருந்ததால் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சத்தமாகப் படித்தான். மருமகள் அடுப்படியிலிருந்து கேட்டாள். என் மகன் விமலன் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு நீ கொடுத்த டெபாசிட் இரண்டாயிரத்து இருநூறு வெள்ளியைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவாயாம். கடிதத்தில் ஓரிடத்திலாவது என் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். மேலே விலாசத்தில் மட்டும்தான், பாட்டி, என்றான். மற்ற இடமெல்லாம் 'வீட்டு உரிமையாளர்' என்றே இருக்கிறதாம். பத்தொன்பது வருஷமாக அக்கா, அக்கா என்று கூப்பிட்ட வாய் உனக்கு.

போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசினால் கத்திவிடுவேன், பிரஷர் ஏறிவிடும். நீ தபாலில் கேட்டாய், நானும் தபாலிலேயே சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர் சுகுமாறன் தம்பி தவறியது மார்ச் 27, வியாழக்கிழமை, சதய நட்சத்திரம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் அடைப்பும்மா. உயிர் எங்க பிரிஞ்சதோ அந்த இடத்தப் பூட்டணும், யாரும் பொழங்கக் கூடாது" என்றார். உயிர் போனது வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று கேட்டவரும் அவர்தான். ஆஸ்பத்திரி என்றால் வீட்டுக்கு ஒன்றும் இல்லையாம். நான் வந்து உன்னைக் கேட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை கேட்டேன். "வீட்டுலதான்கா. கட்டில்ல படுக்க வெச்சு, பால் ஊத்தினேன், அப்புறந்தான் போனாரு" என்று நீ சொன்னாய். அதற்குமேல் நான் என்ன செய்ய? அடைப்பை மீறிக் குடியிருந்தால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு உயிர் போகும் என்று என் அம்மா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். உனக்கு இருப்பது புனிதா ஒருத்தி. நான் கீழ்வீட்டில் இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை தினமும் என்னோடுதான் பசியாறும்.

அதனால்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு காலி பண்ணச் சொன்னேன். சாவியை வாங்கும்போது, "ஆறு மாசந்தான் குமுதா, புரட்டாசியில திரும்பி வந்துடு" என்று சொன்னேனா இல்லையா? நீ தலையாட்டினாயா இல்லையா?

அன்றைக்குப் பூட்டிய வீடு பூட்டியபடியே இருக்கிறது. யாருக்கும் வாடகைக்கு விடவில்லை, வாசலில் ஒரு போர்டு மாட்டவில்லை. திரும்பி வரப்போகிறவளுக்கு எதற்கு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வாடகையில்தான் என் மருந்துச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் மகனிடம் கை நீட்டுகிறேன். அதை உன்னிடம் சொல்லிப் புலம்பினேனா?

நல்லதுக்குக் காலம் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
புஷ்பவல்லி


ஸ்ரீ கெம்பாங்கான்,
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குமுதா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். இன்று விநாயகர் சதுர்த்தி. பத்துக் கொழுக்கட்டை செய்தேன், சாப்பிட ஆள் இல்லை.

அந்தக் கடிதத்தை டைப் அடித்தது புனிதா. கையெழுத்துப் போட்டது நான். படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், படித்துவிட்டுத்தான் போட்டேன். 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் எல்லாம் உங்கள் பெயரைப் போடச் சொன்னேன். "அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா, இது லெட்டர் ஆஃப் டிமாண்ட்" என்றாள். இனிமேல் எதுவானாலும் எழுத்தில்தான் இருக்க வேண்டுமாம். அதனால் நானும் போன் பண்ணவில்லை.

அக்கா, நீங்கள் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னது உண்மை. நான் தலையாட்டியதும் உண்மை. அன்றைக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஆனால் ஆறு மாதத்துக்கு எங்கே போய் நிற்பது என்று நீங்கள் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் பதினாறோடு கிளம்பிவிட்டார்கள். பதினேழாம் நாள் காலையில் லோரி வந்து நின்றது. அவருடைய சட்டைகளைப் பிரித்து யார் யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கக்கூட நேரமில்லை, எல்லாவற்றையும் அரிசிப் பையில் அள்ளிப் போட்டேன். லோரியில் உட்கார்ந்தபோது புனிதா என்னைப் பார்த்து, "அப்பா செத்த பதினேழாம் நாளு நம்மளத் தொரத்திட்டாங்கம்மா" என்றாள். அவள் மனதில் அது அப்படியே நின்றுவிட்டது.

இந்த வீட்டுக்காரர் ஒரு சீனர், நல்ல மனுஷர்தான். ஆனால் டெபாசிட், முன்வாடகை, ஏஜென்ட் கூலி எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்றார். ஒரு வருஷ ஒப்பந்தம். அவரிடம் போய், எங்களுக்கு அடைப்பு, ஆறு மாதம் மட்டும் இருக்க விடுங்கள் என்று சொல்ல முடியுமா? புனிதா கம்பெனியில் முன்பணம் வாங்கிக் கட்டினாள். இன்னும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் உள்ளதைக் கேட்கிறாள். போகச் சொன்னது வீட்டுக்காரர் என்றால், ஒப்பந்தத்தில் எழுதாத காரணத்துக்கு டெபாசிட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அடைப்பு என்று ஒரு வார்த்தை நம் ஒப்பந்தத்தில் இல்லை அக்கா.

எனக்கு இங்கிருந்து பங்சார் கிளினிக்குக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காது ஓய்கிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் நமக்குள் பழையபடியே இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
குமுதா


கிள்ளான்,
6 செப்டம்பர் 2025

குமுதாவுக்கு,

தொரத்தினேனா? நீ பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்று பயந்து ஒருத்தி பதறினால் அதற்குப் பெயர் தொரத்துவதா? புனிதா சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். நீ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

எங்கே போய் நிற்பது என்று நான் கேட்கவில்லைதான். உன் அண்ணன் சுபாங் ஜெயாவில் மூன்று அறை வீட்டில் இருக்கிறார், அங்கே போவாய் என்று நினைத்தேன். அது என் தப்பு. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது விமலன் கதையைக் கேள். உன் வக்கீல் கடிதம் வந்ததிலிருந்து அவனுக்கு வேகம் வந்துவிட்டது. வக்கீல் இல்லை, புனிதாதான் என்று சொன்னாலும் கேட்கவில்லை. "அவங்க சட்டம் பேசினா நம்மளும் பேசுவோம்லா" என்று நேரே பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வீட்டைத் திறக்கப் பார்த்தான். நான் சாவி கொடுக்கவில்லை. கிரில் வழியாக எட்டிப் பார்த்தும், போன ஏப்ரலில் பார்த்ததை நினைத்தும் ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறான். சமையலறை சிங்க் குழாய் உடைந்திருக்கிறது, சுவரில் பதினோரு ஆணி ஓட்டை, குளியலறைக் கதவு அடியில் அரித்துப்போய்விட்டது, வீட்டில் மரணம் நேர்ந்ததால் ஆறு மாத வாடகை நஷ்டம். மொத்த சேதம் டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு என்கிறான். இதை உனக்கு அனுப்பச் சொன்னான், இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொன்றில் இரண்டு ஆணி நான் அடித்தது என்று சொல்லிவிட்டேன். மற்றதில் அவன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

அது கிடக்கட்டும், பெரிய விஷயம் வேறு. அவன் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். ஏஜென்ட் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஆள் செத்து அடைப்புப் போட்ட வீடு என்று தெருவுக்கே தெரிந்திருக்கிறது, விலை இறங்கும் என்றாராம். இறங்கினாலும் பரவாயில்லை, தலைவலி போனால் போதும் என்கிறான் இவன். அது என் வீட்டுக்காரர் ஓவர்டைம் செய்து வாங்கிய வீடு. எனக்கு விற்க மனசு இல்லை.

நீ திரும்பி வருகிறேன் என்று ஒரு வரி எழுது. அதைக் காட்டி அவன் வாயை அடைத்துவிடுவேன்.

புஷ்பவல்லி அக்கா


ஸ்ரீ கெம்பாங்கான்,
14 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

லிஸ்ட் கிடைத்தது. உறையைப் பிரித்தது புனிதா.

முதல் மூன்று வரியைப் படித்து அவள் சிரித்தாள். பத்தொன்பது வருஷம் குடியிருந்த வீட்டில் ஆணி ஓட்டையும் கதவு அரிப்பும் சேதக் கணக்கில் வராதாம், சாதாரணத் தேய்மானமாம். நாலாவது வரிக்கு வந்ததும் தாளை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அரை நாள் லீவு போட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ச் சிறு வழக்கு பதிந்துவிட்டு வந்தாள். அதற்கு வக்கீல் தேவையில்லையாம், நாமே போய்ப் பேசலாமாம். நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்கும் தாள் வரும். தனியாக வராதீர்கள், விமலனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் கட்டடத்தில் படி அதிகம்.

நீங்கள் பெரியவர், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். சிங்க் குழாய்க்கும் குளியலறைக் கதவுக்கும் பக்கத்தில் என் வீட்டுக்காரர் செத்ததை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்குப் பிரசவ வலி வந்தபோது சமாதானம் சொல்லிக்கொண்டே டாக்சியில் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன். உங்கள் வீட்டுக்காரர் காரியத்துக்கு மூன்று நாள் வண்டி ஓட்டாமல் வாசலில் நின்ற மனுஷன். அவரைச் சேதம் என்று எழுத விமலனுக்கு மனம் வந்தது சரி. அதை உறையில் வைத்து ஒட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. ஆனால் அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை.

திரும்பி வருகிறேன் என்ற வரியை எழுத முடியாது.

குமுதா


கிள்ளான்,
29 செப்டம்பர் 2025

என் குமுதாவுக்கு,

அடைப்பு முடிந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்தோம்.

விமலன் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். அவனோடு பேச்சு இல்லை, அதனால் கொமுட்டர் ரயிலில் தனியாகவே போனேன். ஐயர் ஹோமத்துக்கு வேண்டியதையெல்லாம் தானே கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்தவுடன் ஒரு புழுக்கம் முகத்தில் அடித்தது. புகை போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தோம். ஐயர் போன பிறகு நான் மட்டும் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் யார் ஏறினாலும் தம்பி மாதிரியே இருந்தது. அவர் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று தொண்டையைச் செருமுவாரே, அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அந்த லிஸ்டை அனுப்பியிருக்கக் கூடாது. விமலன் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் எனக்குச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. உன் மேல் இருந்த ஆத்திரத்தில், படட்டும் என்றுதான் உறையில் வைத்தேன். அது உண்மை, மறைக்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. என்னை மன்னித்துவிடு குமுதா. புனிதாவிடமும் நான் சொன்னதாகச் சொல்லு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர், ஊரிலிருந்து வந்த வேலையாட்களைத் தங்க வைக்கக் கேட்கிறார். விலை ரொம்பக் குறைவு. விமலனிடம் சண்டை போட்டு அக்டோபர் 17 வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் உன் பதில் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ஒன்றில் அவன் என்னை மீற முடியாது, வீடு என் பெயரில் இருக்கிறது.

டெபாசிட் பற்றிப் பேச வேண்டாம். நீ வந்தால் போதும், பழைய வாடகையே கொடு. ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டை ஒப்பந்தத்துக்கு முன்னால் விட்டால் அபராதம் கேட்பார் என்றால் அதையும் பாதி நான் தருகிறேன். தீபாவளிக்கு நீ அந்த வீட்டில் விளக்கேற்று. ஒரு வரி போதும். எழுதத் தோன்றாவிட்டால் போன் பண்ணு, நான் கத்த மாட்டேன்.

உன் அக்கா,
புஷ்பவல்லி


ஸ்ரீ கெம்பாங்கான்,
9 அக்டோபர் 2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்த பிறகு என்னால் இதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா, அவர் வீட்டில் சாகவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, விருப்பப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். இவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போலாம் குமுதா, இங்க வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்குப் பயம். வீட்டில் மூச்சு முட்டினால் நான் ஒருத்தி என்ன செய்வேன் என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை மதியம்தான் போட்டேன்.

ஆம்புலன்ஸ் மூன்று மணிக்குக் கிளம்பியது. நோன்புப் பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது, கோலாலம்பூரே சொந்த ஊருக்கு, கம்பத்துக்கு என்று கிளம்பி ரோட்டில் நின்றது. சைரன் போட்டும் யாராலும் ஒதுங்க முடியவில்லை. இவர் கண் திறந்து, "எங்க இருக்கோம்" என்றார். "பங்சார் தாண்டியாச்சு, வந்துட்டோம்" என்றேன். தாண்டவில்லை. இவருக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இந்த ஊரில் டாக்சி ஓட்டியவர். "இந்த நேரத்துல இந்த ரோட்டுல வந்தா நகருமா? உள்ள பூந்து வரச் சொல்லு" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. நம் வீட்டுக்கு இன்னும் மூன்று சிக்னல் இருந்தது. நாலரை மணி இருக்கும். கூட உட்கார்ந்திருந்த மலாய்க்காரத் தம்பி நாடி பார்த்துவிட்டு, மாஸ்க்கை எடுத்துவிட்டு, "மக்சிக், சுடா தாடா" என்றார், மெதுவாக. போய்விட்டார் என்பதை அவர் கண்ணிலேயே பார்த்துவிட்டேன்.

நான் அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் போனதாக இருக்கட்டும், மகள் பின்னால் வருகிறாள், அவளிடம் சொல்லிவிடாதே என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அவர் நோன்பு வைத்திருந்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது. மாஸ்க்கைத் திரும்ப எடுத்து இவர் முகத்தில் வைத்தார், அவ்வளவுதான். அவரும் டிரைவரும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் பால் ஊற்றினேன். அது கடைவாயில் வழிந்துவிட்டது.

புனிதா கிரேப் கார் பிடித்து அரை மணி நேரம் கழித்து வந்தாள். வந்தவுடன் அழவில்லை. "அம்மா, அப்பா வீட்டப் பாத்தாரா" என்று கேட்டாள். "பாத்தாரு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு சாவைப் பதிவு செய்யப் போன போலீசிலும் அதையே சொன்னேன், ஐயரிடமும் அதையே சொன்னேன், நீங்கள் மூன்று முறை கேட்டபோதும் அதையே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நட்சத்திரம், அடைப்பு என்று ஐயர் பேசத் தொடங்கியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வீடு எங்களுக்கு மிஞ்சும். ஆனால் அவள் அப்பா வீட்டைப் பார்க்காமல் நடுரோட்டில் போனார் என்று புனிதாவுக்குத் தெரிந்துவிடும். ஏன் திங்கட்கிழமையே கூட்டி வரவில்லை என்று அவள் கேட்பாள். வீடு போனால் போகட்டும் என்று லோரியில் ஏறினேன்.

நீங்கள் சும்மா பூட்டினீர்கள் அக்கா. அந்த வீட்டுக்கு ஒரு தோஷமும் இல்லை. உங்கள் ஆறு மாத நஷ்டமும் என்னால் வந்ததுதான். டெபாசிட் எனக்கு வேண்டாம், புனிதாவிடம் ஏதாவது சொல்லி வழக்கைத் திரும்ப வாங்க வைக்கிறேன். அவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

இவ்வளவையும் படித்த பிறகும் உங்களுக்கு மனசு இருந்தால், நான் திரும்பி வருகிறேன். அந்த வீட்டுக்கு வர எனக்கு அவ்வளவு ஆசை.

குமுதா

2 நவம்பர். அக்கா, இந்தக் கடிதத்தை எழுதி, உறையில் போட்டு, கிளினிக் டிராயரில் வைத்தேன். தினமும் தபால்பெட்டிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். பதினேழாம் தேதி போனது தெரியும். தீபாவளியும் போய்விட்டது. நாளைக்குக் கட்டாயம் போட்டுவிடுகிறேன்.


கிள்ளான்,
9 நவம்பர் 2025

குமுதாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மேலே அக்டோபர் ஒன்பது என்று எழுதியிருக்கிறாய்.

பதினேழாம் தேதி சாயங்காலம்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். விமலன்கூடப் பாவம் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் பாப்போம்மா" என்றான். தீபாவளி முடிந்து இருபத்து நாலாம் தேதி வக்கீல் ஆபிசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீடு இப்போது என்னுடையது இல்லை. எட்டுப் பையன்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், இரண்டடுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்களாம்.

உன் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். பேரனிடம் கொடுக்கவில்லை. மூன்று சிக்னல் என்று எழுதியிருந்த இடத்தில் வாய்விட்டு அழுதேன். அந்தப் புள்ளை சுகுமாறன் கடைசி நேரத்திலும் வழி சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடாததற்கு உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு நான் போட்டேன். வீட்டுக்கு வந்து நாலு நாள் அவர் துடித்ததைப் பார்த்தவள் நான். உன் பயம் என்ன என்று எனக்குத் தெரியும். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. ஐயரைத் தனியாகக் கூப்பிட்டு நானே இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பேன். புனிதா காதுக்குப் போயிருக்காது.

மூன்று முறை கேட்டேன் குமுதா. என் முகத்தைப் பார்த்துத்தான் நீ சொன்னாய்.

பதினேழாம் நாள் ஒருத்தியை லோரி ஏற்றிவிட்டு, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக ரயில் ஏறினேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு அந்த வாசலில் விளக்கு வைக்க ஆள் இல்லை என்று, ஆறு அமாவாசைக்கும் கிள்ளானிலிருந்து வந்தேன். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி, பூட்டிய கிரில் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, உன் பொஞ்சாதியும் புள்ளையும் நல்லா இருக்காங்க, நீ தைரியமாப் போ" என்று சொல்லிவிட்டு வருவேன். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தம்பி அங்கே இல்லவே இல்லை என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

டெபாசிட் முழுவதையும் விமலன் நேற்று புனிதா கணக்கில் போட்டுவிட்டான். ஐயர் கணக்குப்படி பார்த்தால் நீதான் எனக்குத் தர வேண்டும். சட்டப்படி பார்த்தால் நான் உனக்குத் தர வேண்டும். சட்டப்படியே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை நான் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். பணம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து முடிக்கச் சொல்லு.

புனிதாவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீ பயப்படாதே. மூடநம்பிக்கை பிடித்த கிழவி ஒருத்தி எங்களைத் தொரத்தினாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அப்பா வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்றும் நினைத்துக்கொண்டிருக்கட்டும். இரண்டையும் நான் மாற்ற மாட்டேன்.

ஆனால் உன் முகத்தை இனிமேல் என்னால் பார்க்க முடியாது. கோபம் என்று நினைக்காதே, கோபம் எல்லாம் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. கடிதமும் வேண்டாம். நாளைக்குப் புனிதாவுக்குக் கல்யாணம் வைத்தால் எனக்குப் பத்திரிகை அனுப்பாதே. அனுப்பினால் வந்துவிடுவேன்.

புஷ்பவல்லி